எட்டு வகுப்பறையின் ஞானத்தகப்பன்

வழக்கில் மாட்டிய அதிகாரி என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். பெரு நாட்டு மலைப்பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் கோயில் வாசலில் நின்று பாருங்கள். எல்லோருக்கும் கடைசியாக, கழுத்தில் சுளுக்குக்காரர்கள் மாட்டுகிற வெள்ளைப் பட்டையும் கையில் ஜெபமாலையும் முகத்தில் புன்னகையுமாக ஒருவர் வெளியே வருவார். அவர்தான். திருடன் என்றால் ஒளிவான், இவர் கையாட்டுவார். திருடன் என்றால் பெயரை மாற்றிக்கொள்வான். இவர் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார். "வழக்கு என்னாச்சு இன்ஜினியர்?" என்று கேட்டுப் பாருங்களேன். "எந்த வழக்கு?" என்பார். ஐந்து வழக்கு இருக்கிறவர் வேறு எப்படிக் கேட்பார்?

இந்த இனத்தின் மிக நல்ல மாதிரி எங்கள் புக்காருமியில் இருக்கிறார். பெயர் அபெலார்டோ சொத்தேலோ. மாகாணத்துக் கட்டட வேலைகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியாக இருந்தவர். இப்போது இடைநீக்கத்தில் இருப்பவர். ஐந்தில் பெரிய வழக்கு பள்ளிக்கூட வழக்கு. எட்டு வகுப்பறை கட்டி முடித்தாயிற்று, சுண்ணாம்பு அடித்தாயிற்று, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று என்று அவர் கையெழுத்தில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. பணமும் கடைசிக் காசுவரை போய்ச் சேர்ந்துவிட்டது, யாருக்கு என்பதுதான் வழக்கு. இடத்தில் போய்ப் பார்த்தால் அவர் நாட்டிய முதல் கல் இருக்கிறது. கல்லின் மேல் ஓர் ஆடு நிற்கிறது. பிள்ளைகள் ஆடு அறுத்த பழைய ஆட்டுத்தொட்டிக் கொட்டகையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். முன்பு ஆட்டுத்தொடை தொங்கிய கொக்கிகளில் இப்போது புத்தகப் பை தொங்குகிறது.

அவருடைய பதில் என்ன தெரியுமா? இந்த இனத்துக்கே ஒரு பதில்தான். "வருஷத்துக்கு நாலாயிரம் காகிதம் வருது. கையெழுத்துப் போடறது என் வேலை. படிக்கிறதும் என் வேலைன்னு யாரும் சொல்லலையே!" உண்மைதான். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி, "எங்க போடணும்?"

அப்படிப்பட்டவர் எப்படி இத்தனை வருஷம் வெளியே நடமாடுகிறார்? அங்கேதான் அவருடைய கலை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கு மட்டுமா ஞானத்தகப்பன்? முதல் முடி வெட்ட ஒருவர், காது குத்த ஒருவர், புது லாரிக்கு ஒருவர், புதுக் கூரைக்கு ஒருவர், தையல் மிஷினுக்குக்கூட ஒருவர் உண்டு. ஒருவர் ஞானத்தகப்பன் ஆனதும், கல்யாணம் இல்லாமலே இரண்டு வீடும் சம்பந்தி வீடு. சொத்தேலோ இருபது வருஷமாக யார் அழைத்தாலும் போனார். இல்லை, யார் அழைத்தாலும் என்பது தப்பு. அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததில்லை. அப்பன் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத்தான் பார்ப்பார். போலீஸ்காரர் வீட்டில் இரண்டு, வங்கிக்காரர் வீட்டில் மூன்று, கோர்ட்டுப் பக்கம் வாயிற்காப்போன் முதற்கொண்டு ஆளுக்கு ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது? குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதிக்குச் சம்பந்தியானால் நீதிபதி விலகிக்கொள்ள வேண்டும். நியாயமான சட்டம். முதல் நீதிபதி விலகினார்: அவர் மகனுக்கு முதல் முடி வெட்டிய கத்தரிக்கோல் சொத்தேலோவுடையது. இரண்டாமவர் மகளுக்குக் காது குத்தியபோது கையைப் பிடித்துக்கொண்டவர் இவர். மூன்றாமவருக்குப் பிள்ளை இல்லை, ஆனால் வண்டி இருந்தது. அதன் மூக்கில் பூமாலை போட்டவர் இவர். நான்காமவருக்கு வண்டியும் இல்லை. அவர் அம்மாவின் தையல் மிஷின் அகப்பட்டது. இப்படியே நாலு வருஷம். இந்த டிசம்பருக்குள் விசாரணை தொடங்காவிட்டால் வழக்கு காலாவதி. உடம்புக்கு முடியவில்லை என்று கோர்ட்டுக்குக் காட்ட மாட்டிய கழுத்துப்பட்டையை ஜனவரி முதல் தேதி கழற்றி எறிய அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஐந்தாவது நீதிபதி வந்தார். இர்மா உர்தேகா. கடற்கரைப் பக்கத்துப் பெண். வந்ததும் விசாரணையை நவம்பர் நாலாம் தேதிக்குப் போட்டுவிட்டார்.

சொத்தேலோ தன் வக்கீல் பலாசினைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கல்யாணம்?"

"ஆகல இன்ஜினியர்."

"பிள்ளை?"

"அதான் கல்யாணமே ஆகலங்கறேனே."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? பிள்ளை இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"வண்டி?"

"கோர்ட்டுக்கு நடந்துதான் போறாங்க."

"ஒரு நாய்?"

"வீட்டுல ஒரு பூனை இருக்கு. ஆனா அது வீட்டுக்காரம்மாவோடது."

சொத்தேலோ கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். இப்படி நியாயமே இல்லாமல் ஒரு மனுஷி வாழலாமா? ஒரு பொருள்கூட வைத்துக்கொள்ளாமல், ஓர் உறவுக்கும் இடம் கொடுக்காமல், இதெல்லாம் ஒரு பிழைப்பா? அன்று அவருக்கு நிஜமாகவே ரத்த அழுத்தம் ஏறியது. வழக்கமாக ஏறுகிற மாதிரி இல்லை, மருந்து சாப்பிடுகிற அளவுக்கு.

ஆனால் அவர் அதிர்ஷ்டக்காரர். அடுத்த நாள் நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள்.

அன்றைக்குப் புக்காருமி சந்தை முழுக்க ரொட்டிப் பிள்ளைகள். துணியில் சுற்றிய குழந்தை மாதிரியே செய்து, கன்னத்துக்குச் சிவப்புப் பூசி அடுக்கியிருப்பார்கள். வாங்கியவர்கள் முதலில் அதற்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத்தான் தின்பார்கள். விளையாட்டுத்தான். ஆனால் அந்த ரொட்டியால் சம்பந்தியானவர்கள் வருஷம் முழுக்க ஒருவரை ஒருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார்கள், உருளைக்கிழங்கு தோண்ட ஆள் கேட்பார்கள், வராவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஓர் உறவுக்கு வேறென்ன வேண்டும்?

சடங்கை நடத்துகிற பொய்ப் பாதிரியார் ஒவ்வொரு வருஷமும் நெமேசியோ வாத்தியார்தான். ஆமாம், அந்தக் கொக்கிப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார். பெண்டாட்டியின் கறுப்புப் பாவாடைதான் அவர் அங்கி. ஆரஞ்சுத் தோல்தான் மூக்குக்கண்ணாடி. கீரைத்தண்டைச் சோளக்கள்ளில் நனைத்துத் தீர்த்தம் தெளிப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சிரிக்கச் சிரிக்க ஒரு சான்றிதழ் எழுதி, ஞானத்தகப்பனிடம் கையெழுத்து வாங்குவார்.

நீதிபதி இர்மா பசியோடு சந்தைக்கு வந்தார். ரொட்டிக்காரி மெல்கோராவிடம் ஒரு பிள்ளையை வாங்கி அதன் காலைப் பிய்க்கப் போனார்.

"ஐயையோ, கையை எடும்மா! ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையையா வாயில வைக்கிற? கடற்கரைப் பக்கம் இப்படித்தான் தின்பீங்களோ?"

"தெரியாதுங்க. என்ன பண்ணணும்?"

"பெத்தவன் இல்லாட்டிப் பரவால்ல. ஞானத்தகப்பன் ஒருத்தன் வேணும்."

"நான் இருக்கேன்!" என்று வெங்காய மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காலை ஏழு மணியிலிருந்து அங்கேயே நின்றதில் கோட்டு முழுக்க வெங்காயத் தோல்.

"நீங்க?"

"அபெலார்டோ சொத்தேலோ. சாதாரணப் பொது ஊழியன்."

தொள்ளாயிரம் பக்க வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பெயர் போதும். நீதிபதி ரொட்டியைப் பார்த்தார். பொய்ப் பாதிரியாரைப் பார்த்தார். "ஐயா, இது விளையாட்டுதானே?" என்று கேட்டார்.

"சுத்த விளையாட்டும்மா," என்றார் வாத்தியார். "நாங்க வருஷத்துல ஒருநாள்தான் விளையாடுவோம். மத்த நாளெல்லாம் இன்ஜினியர் விளையாடுவார்."

சந்தையே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் சொத்தேலோ. தன்னைக் கேலி செய்கிற இடத்தில் முதலில் சிரிப்பதும் இந்த இனத்தின் அடையாளம், குறித்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் வாயில் வந்த லத்தீனையெல்லாம் கொட்டி, கீரைத்தண்டால் பிள்ளையின் மூக்கில் இரண்டு அடி அடித்து, மூட்டைமேல் குனிந்து உட்கார்ந்து எழுதினார். வழக்கத்தைவிட அதிக நேரம் எழுதினார். பிறகு காகிதத்தை நீட்டினார்.

"எங்க போடணும்?"

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க இன்ஜினியர்."

"உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லையா வாத்தியாரே!"

போட்டார். மூன்று சுழி, கீழே ஒரு கோடு. அதோடு விட்டாரா? உறவு உறுதியாக இருக்கட்டும் என்று பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்துக் குத்தினார். அவரை இடைநீக்கம் செய்து இரண்டு வருஷமாகிறது. முத்திரையைத் திருப்பித் தரும்படி யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அதிகாரி சம்பந்தி. பிறகு ஞானத்தகப்பன் உரிமையில் பிள்ளையின் தலையைக் கடித்துக்கொண்டு, "வர்றேன் சம்பந்தி!" என்று நீதிபதியைப் பார்த்து ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனார்.

நாலாம் தேதி கோர்ட்டில் நிற்க இடமில்லை. வக்கீல் பலாசின் கண்ணாடித்தாள் உறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, வேறென்ன வேண்டும்? அவரும் படிக்கவில்லை. நாலு வருஷப் பழக்கத்தில் தொற்றியிருக்கலாம்.

"அம்மா, என் கட்சிக்காரரும் தாங்களும் ஊரறிய சம்பந்தி. சட்டப்படி தாங்கள் விலக வேண்டும். இதோ அத்தாட்சி."

"படியுங்க," என்றார் நீதிபதி. கோர்ட்டு எழுத்தர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"புக்காருமி சந்தையில், வெங்காய மூட்டைகள் சாட்சியாக, எட்டு வகுப்பறை என்னும் இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே அது வளர்ந்துவிட்டதாகச் சான்றிதழ் கொடுத்தவன் ஞானத்தகப்பனாகிய நானே. அதற்குச் சுவரும் கூரையும் உண்டென்று எழுதியவனும் நானே. மாவையும் முட்டையையும் சர்க்கரையையும் பிசையும் முன்பே தின்றுவிட்டேன். கூடத் தின்றவர்கள் யாரென்று கேட்டால் சொல்வேன். இதை முழுக்கப் படித்துப் பார்த்து, சரியென்று கண்டு, கையெழுத்திடுகிறேன்."

கடைசி வரிக்கு வரும்போது எழுத்தருக்கே சிரிப்பு தாங்கவில்லை. அவரும் ஒரு சம்பந்திதான்.

"விளையாட்டும்மா அது!" என்று அலறினார் வக்கீல். "சந்தையில சும்மா சிரிக்கிறதுக்கு எழுதறது!"

"அப்படியா? விளையாட்டுன்னா நான் உங்க கட்சிக்காரருக்குச் சம்பந்தி இல்ல. விசாரணையை இப்பவே ஆரம்பிக்கலாம்."

சொத்தேலோ வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தார். "நிஜம்னு சொல்லுய்யா!"

"நிஜம்னா நீங்க தின்னதும் நிஜம் இன்ஜினியர்!"

"அப்ப விளையாட்டுன்னு சொல்லு!"

"அதைத்தான் சொன்னேன்!"

"பாதி நிஜம்னு சொல்ல முடியாதா?"

"எந்தப் பாதிய?"

நீதிபதி பொறுமையாகக் காத்திருந்தார். "எனக்கு ஒரு சந்தேகம். சம்பந்தின்னா நடுவுல ஒரு பிள்ளை இருக்கணுமே. பிள்ளை எங்க?"

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து மெல்கோரா குரல் கொடுத்தாள். "தலைய அவரு தின்னாரு. காலை நீங்க தின்னீங்க. மிச்சத்த நாங்க தின்னோம்மா!"

கடைசி ஆயுதமாகச் சொத்தேலோ எழுந்து, கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, இருபது வருஷம் சோறு போட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னார். "அம்மா, நான் படிக்கல. கையெழுத்து மட்டும்தான் என்னுது."

"படிச்சுப் பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அதையும் படிக்கலம்மா."

கோர்ட் கூரையே பெயர்ந்துவிடும் போலிருந்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு நீதிபதி கேட்டார்: "கடைசியாச் சொல்லுங்க. விளையாட்டா, நிஜமா?"

நிஜம் என்றால் சம்பந்தி ஆகலாம், ஆனால் தின்றதை ஒப்புக்கொண்டதாகும்; விளையாட்டு என்றால் விசாரணை. அவர் ஆட்டுத்தொட்டிக் கொக்கியைப் பார்க்கிற ஆடுபோல மேலே பார்த்தார். "விளையாட்டு," என்றார். ரொம்ப மெதுவாக.

"பதிவு செய்யுங்க. மனு தள்ளுபடி. முதல் சாட்சியைக் கூப்பிடுங்க."

முதல் சாட்சி நெமேசியோ வாத்தியார். இன்றைக்குப் பாவாடை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை. ஆனால் அவர் கூண்டேறுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருந்தது. சொத்தேலோ சொன்னதை எழுத்தர் ஒரு பக்கத்தில் எழுதி, அவரிடமே கையெழுத்துக்காக நீட்டினார். சொத்தேலோவின் கை பழக்கத்தில் பேனாவை எடுத்தது. வாய் பழக்கத்தில் "எங்க போ..." என்று ஆரம்பித்தது. அங்கேயே நின்றது.

பேனாவைக் கீழே வைத்தார். சட்டைப்பையைத் தடவினார். அவருக்கு மூக்குக்கண்ணாடியே கிடையாது, தேவைப்பட்டதில்லை. வக்கீலுடையதை வாங்கி மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசைய அசைய ஒவ்வொரு எழுத்தாக அந்த ஒரு பக்கத்தைப் படித்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"எங்க ரெண்டாம் வகுப்பு இதவிட வேகமாப் படிக்கும்," என்றார் சாட்சி, கூண்டுக்குப் போகும்போது.

நன்றாகச் சிரித்தீர்களா? சரி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நீங்கள் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது? ஞாபகம் வராவிட்டால் பரவாயில்லை, யாருக்கும் வருவதில்லை. போன மாதம் ஓர் அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்ததே, கிளம்பும் முன்பே "அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?" என்று வீட்டில் கேட்டது யார்? கழுத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அந்த வெள்ளைப் பட்டை எல்லா அளவிலும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. கடைக்காரர் உங்களுக்குத் தெரிந்தவர்தானே? விலையில் பார்த்துக் குறைத்துக் கொடுப்பார்.