போனபிறகுதான் போனாள் என்று சொல்ல வேண்டுமாம்

லிட்டில் வெதரிங், சஃபோக்
அக்டோபர் 3, திங்கட்கிழமை

என்றைக்கும் என் மரியாதைக்குரிய தோரா அக்காவுக்கு,

தம்பி எர்னஸ்ட் எழுதுவது. அபர்டீன் குளிரில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். நீ அனுப்பிய தைலப் புட்டி உடையாமல் வந்து சேர்ந்தது, அன்புக்கு நன்றி. ஆனால் என் தோளுக்கு ஒன்றுமே இல்லை அக்கா. ஆகஸ்டில் போனில் நான் முனகினேன் என்றால் அது வேறு எதற்காகவோ இருக்கும். புட்டியின் மூடியைக்கூடத் திறக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். மூடியிருக்கும்போதே அடிக்கிற வாடையில் பூனை இரண்டு நாளாகச் சமையலறைப் பக்கம் வருவதில்லை. மற்றபடி அவரைக்காய் நன்றாகக் காய்த்தது, வாசல் கதவுக்குப் பச்சைச் சாயம் அடித்தேன், வேறு விசேஷமில்லை.

விசேஷம் இருக்கிறது. நான் சர்ச் மணியை விடுகிறேன். நாற்பத்து மூன்று வருஷம் கயிறு பிடித்த கை இது. நாளைச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, படியிறங்கி, நேரே வீட்டுக்கு வந்து, இனி செவ்வாய்க்கிழமைகளில் மற்ற மனிதர்கள் என்ன செய்கிறார்களோ அதைச் செய்யப்போகிறேன். என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது வயதும் இல்லை, வியாதியும் இல்லை. ஒரு வினைச்சொல். மூன்று வயதுக் குழந்தைகூடத் தப்பில்லாமல் சொல்லும் 'கோ' என்கிற வினைச்சொல்.

உனக்குத் தெரியாததில்லை, நீ கல்யாணமாகிப் போகும்வரை எனக்குப் பக்கத்தில் நின்று இரண்டாம் மணி அடித்தவள்தான். ஆனால் இதை அத்தான் உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிப்பார், அவருக்காகச் சொல்கிறேன். நம் கோபுரத்தில் மொத்தம் ஆறு மணிகள். அடிப்பதற்கு முன்னால் ஆறும் தலைகீழாக, வாய் மேலே பார்த்து நிற்கும். கயிற்றை இழுத்தால் மணி சாயும், சாய்ந்த மணியை யாராலும் நிறுத்த முடியாது. எல்லாவற்றிலும் சின்னவள், எடை குறைந்தவள், முதலில் போக வேண்டும். அவள் கயிற்றைப் பிடித்திருப்பவன், அதாவது நான், மற்ற ஐந்து பேருக்கும் குரல் கொடுக்க வேண்டும். "பாத்துக்கோங்க!" என்றால் எல்லாரும் கயிற்றை இறுக்குவார்கள். "சின்னவ போறா..." என்றால் மூச்சைப் பிடிப்பார்கள். மூன்றாவதாக ஒரு சொல். அது விழுந்த அதே நொடியில் என் மணி சாயும், அடுத்த நொடியில் இரண்டாம் மணி, அப்புறம் மூன்று, நான்கு என்று வரிசையாகப் போகும். அந்த மூன்றாவது சொல்லை ஊர் உலகமெல்லாம் 'ஷீஸ் கான்' என்கிறது. நம் கோபுரத்தில் மட்டும் நம் ஊர்ப் பேச்சில், வாலும் கிடையாது கொம்பும் கிடையாது, வெறும் 'ஷீ கோ!' நீ இருந்தபோதும் அதுதான், உனக்கு முன்பும் அதுதான். அதனால் ஒரு மணியும் கீழே விழுந்ததில்லை.

அப்படியிருந்த கோபுரத்துக்கு மிஸ் டென்ச் வந்தாள். க்ராய்டனில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், போன வருஷம் பழைய தபால் ஆபீஸ் வீட்டை வாங்கிக் குடி வந்தாள். மணி நன்றாக அடிக்கிறாள், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன், எனக்குப் பொய் வராது. ஜனவரியில் நம் கறிக்கடை பேசில், முழங்கால் வலி என்று மணிக்காரர் தலைவர் பதவியை விட்டதும் அவளைத் தலைவராக்கினார்கள். நானும் கை தூக்கினேன். அந்தக் கையைத் தனியாகக் கழற்றிவைத்து உதைக்க வேண்டும் போலிருக்கிறது இப்போது.

ஈஸ்டர் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கயிறு இழுக்கிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடன் கையைக் கடைக்காரன் பார்ப்பதுபோல. டீ ஊற்றியபோது கோப்பையை என் இடது கையில் திணித்தாள். எனக்கு வலது கை இருப்பது தெரியாதா? அடுத்த செவ்வாய் போய்ப் பார்த்தால் சுவரில் ஒரு வெள்ளை அட்டை. பெரிய எழுத்தில் கோ, வென்ட், கான். அடியில் சிவப்புக் கோடு. எழுபத்தொரு வயதில், கோபுரத்துக்குள், ஒண்ணாங்கிளாஸ்!

"எர்னஸ்ட், ஒரு நிமிஷம். நீங்க 'ஷீ கோ'ன்னு சொல்றப்ப மணி போயிருச்சா, போகப் போகுதா?" என்று கேட்டாள்.

"போயிட்டே இருக்கா, மிஸ்."

"அதைத்தான் ரெண்டாவதா 'போறா'ன்னு சொல்லிட்டீங்களே. மூணாவது சொல்லு முடிஞ்சு போன காரியத்துக்கு. மணி நெசமாவே சாஞ்ச பிறகுதான் 'ஷீஸ் கான்'. நீங்க சொல்ற வரைக்கும் மத்தவங்க யாரும் கயித்த அசைக்கக் கூடாது."

"அது எப்ப சாயுதோ அதுவரைக்கும் அஞ்சு பேரும் செலையாட்டம் நிக்கணுமா? எவ்வளவு நேரம் ஆனாலும்?"

"எவ்வளவு நேரம் ஆனாலும்."

நான் பேசிலைத் திரும்பிப் பார்த்தேன். அறுபது வருஷச் சிநேகிதன், ஒரு வார்த்தை சொல்வான் என்று. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ் சொல்றது சரிதான்டா. இலக்கணம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றான். அக்கா, இந்த பேசில், கடையில் நின்றுகொண்டு "நாளைக்கு வந்தேன், நேத்து வருவேன்" என்கிற ரகத்தில் ஆங்கிலம் பேசுகிறவன், பள்ளிக்கூடத்தில் வினைச்சொல் எது என்று கேட்டதற்கு ஜன்னலைக் காட்டியவன். அவன் எனக்கு இலக்கணம் சொல்கிறான். வாக்கெடுப்பு நடத்தினார்கள். அஞ்சுக்கு ஒண்ணு. இரண்டாம் மணி ஜேனட் பொண்ணுகூட, தினம் என் வீட்டுக்குத் தபால் கொண்டுவந்து என் பிஸ்கட்டைத் தின்கிறவள், தரையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

சும்மா விடுகிறவனா நான்? நூலகத்துக்குப் போய், தூக்கவே இரண்டு கை வேண்டும் என்கிற பெரிய அகராதியைப் பிரித்து உட்கார்ந்தேன். என்ன கண்டுபிடித்தேன் தெரியுமா? 'வென்ட்' என்பது 'கோ'வினுடையதே இல்லை! 'கோ'வுக்குச் சொந்தமாக ஒரு இறந்தகாலம் இருந்திருக்கிறது, அதை எங்கேயோ தொலைத்துவிட்டு, 'வெண்ட்' (wend), நடந்து போவது, என்கிற பக்கத்து வீட்டு வினைச்சொல்லின் இறந்தகாலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்கமே இல்லாமல் என்னுடையது என்று வைத்துக்கொண்டிருக்கிறது. தன் சொந்த நேற்றைக் காப்பாற்றத் தெரியாத சொல், என் நாற்பத்து மூன்று வருஷத்தைத் திருத்த வருகிறதா? இதை அப்படியே மிஸ் டென்ச்சிடம் போய்ச் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். "ரொம்ப நல்லா படிச்சிருக்கீங்க எர்னஸ்ட்" என்று சொல்லி எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். நானும் தின்றேன். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

அதோடு விட்டாளா? ஜூலையில் போனால் என் கயிற்றுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. ஏறி நின்று அடிக்க! பத்து வயதுக் குழந்தைகள் பழகும்போது எட்டாமல் ஏறி நிற்பார்களே, அந்தப் பெட்டி. நான் ஐந்தடி ஏழங்குலம், அக்கா. "இது யாருக்கு?" என்றேன். "உங்களுக்குத்தான். மேல நின்னா குரல் நல்லாக் கேக்கும்" என்றாள். குரலா? என் குரல் பக்கத்து ஊர்ப் பன்றிகளுக்குக் கேட்கும். பெட்டியைக் காலாலே ஓரம் தள்ளினேன். அடுத்த வாரம் அது அதே இடத்தில் இருந்தது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் நாலு மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னபடி சொன்னேன். நேற்று ஞாயிறு அறுவடைத் திருநாள். சர்ச் நிறையக் கூட்டம், பூசணிக்காயும் ரொட்டியும் பீடம்வரைக்கும் அடுக்கியிருக்கிறார்கள், பக்கத்து ஊர் மணிக்காரர்கள் வேறு வந்து கீழே கல்லறைப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார்கள். இன்றைக்காவது நம் ஊர் நம் ஊராக இருக்கட்டும் என்று ஒரு வேகம் வந்துவிட்டது. "பாத்துக்கோங்க! சின்னவ போறா..." என்றேன், அவள் அட்டையை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டே "ஷீ கோ!" என்று பழைய குரலை விட்டேன். ஜேனட்டுக்குப் பழைய பழக்கம், சொல் விழுந்த நொடியில் இழுத்துவிட்டாள். என் மணி கொஞ்சம், ஒரு துளி, தாமதமாகிவிட்டது. கயிறு ஈரத்தில் விறைத்திருந்தது, அக்டோபர் ஈரம் உனக்குத் தெரியுமே. இரண்டாம் மணி முதலில் விழுந்தது, மூன்றாவதும் என்னுடையதும் ஒன்றாக மோதின, நாலாவது யாரைத் தொடர்வது என்று தெரியாமல் தயங்க, பேசிலின் பெரியவள், ஆறாம் மணி, எல்லாருக்கும் நடுவில் டமார் என்று இறங்கினாள். பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்ததுபோல ஆகிவிட்டது. காகங்கள் மொத்தமும் கோபுரத்தை விட்டு எழும்பின. பாதிரியம்மா மூச்சிரைக்க ஐம்பத்திரண்டு படி ஏறி வந்து, "யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாள். கீழே பக்கத்து ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள், அக்கா. கைதட்டினார்கள்.

மிஸ் டென்ச் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்ல, எல்லாரும் நிறுத்துங்க. எர்னஸ்ட், நீங்க உக்காருங்க" என்றாள். உட்காருவதாம்! சின்னவளுக்குக் கீழே எடை குறைந்த மணி இந்தக் கோபுரத்தில் கிடையாது. அவளை விட்டால் அடுத்தது மூலையில் இருக்கிற அந்த நாற்காலிதான். பேசிலின் மாமனார் கயிற்றை விட்ட பிறகு அதில் உட்கார்ந்து இரண்டு வருஷம் நாங்கள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நான் அதில் உட்கார மாட்டேன். ஒரு வினைச்சொல்லுக்காக உட்கார மாட்டேன். யாரும் உட்கார வைப்பதற்கு முன்னால் நானே எழுந்து போய்விடுவேன்.

ஆகவே ராஜினாமா. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், 'கோ' என்ற சொல்லை ஒரு இடத்திலும் பயன்படுத்தவில்லை. நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். நீயும் இந்தக் கோபுரத்துப் பெண்தான். மிஸ் டென்ச்சுக்கு நாலு வரி காரமாக எழுது, இங்கே காலங்காலமாக என்ன சொன்னோம் என்று.

அத்தானுடைய முதுகு வலியை நான் விசாரித்ததாகச் சொல். பேரன் பேத்திகளின் கன்னத்தில் ஆளுக்கு ஒரு கிள்ளு. உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவமானப்பட்டும் தலைகுனியாத உன் தம்பி,
எர்னஸ்ட் பாரெட்

பின்குறிப்பு, புதன் காலை: தபால்தலை ஒட்டிய உறையைக் கத்தியால் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மிஸ் டென்ச்சுக்கு எதுவும் எழுதாதே. எழுதிவிட்டாயானால் நான் செத்தேன்.

நேற்று எல்லாரும் இருக்கும்போது ராஜினாமாவை நீட்டினேன். அவள் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள், பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் திருத்தினாள், அடியில் பத்துக்கு ஏழு போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அப்புறம், "எர்னஸ்ட், வலது கையத் தூக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தூக்குங்க."

தூக்கினேன். காது வரைக்கும் வந்தது.

"இன்னும் மேல."

"இது போதும் மிஸ்."

"மேல, எர்னஸ்ட்."

வரவில்லை அக்கா. ஜேனட் தன் செருப்பு வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பேசில்தான் கடைசியில் வாயைத் திறந்தான். "ஈஸ்டர்லயே எங்களுக்குத் தெரியும்டா. நீ கத்துற, சின்னவ போக மாட்டேங்குறா. கை பாதியில நின்னு நடுங்குது. நாங்க முட்டிக்காம இருக்கப் பாக்குறோம். உங்கிட்ட யாருடா சொல்றது? சொன்னா அன்னிக்கே கயித்த விட்டுட்டுப் போயிருவியே."

அந்த அஞ்சு ஓட்டும் எதற்கு விழுந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜன்னலை வினைச்சொல் என்றவன் இலக்கணத்துக்குக் கை தூக்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அப்ப அந்த அட்டை?" என்று மிஸ் டென்ச்சைக் கேட்டேன்.

"எனக்கு உங்க 'ஷீ கோ' ரொம்பப் பிடிக்கும். க்ராய்டன்ல அதுமாதிரி ஒண்ணு கேட்டதே இல்ல. ஆனா தோளைப் பத்திப் பேசினா வீட்டுக்குப் போயிருவீங்க. அட்டையைப் பாத்தா கோபப்பட்டுக்கிட்டு இங்கயே இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

பெட்டி அதே இடத்தில் இருந்தது. ஏறினேன். அங்கிருந்து கயிறு கைக்கு எட்டுகிறது, தோள் அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. "பாத்துக்கோங்க" என்றேன். "சின்னவ போறா" என்றேன். இழுத்தேன். அவள் உடனே போகவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன், அத்தான் படிப்பார். ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் என்னைப் பார்க்கவுமில்லை. அப்புறம் போனாள். என்ன சொன்னேன் என்று கேட்பாய். "ஷீ கோ" என்றுதான் சொன்னேன். ஆனால் அவள் போன பிறகு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து தைலத்தைத் திறந்தேன். பூனை இப்போது ஜேனட் வீட்டில் இருக்கிறது. புட்டியில் பாதி ஒரே ராத்திரியில் தீர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு அனுப்பு.