டென்ஷன் ஏற்றும் திருக்கூட்டம்

வாசகரே, கேட்காமலே உதவி செய்யும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் டென்ஷன் ஏற்றும் திருக்கூட்டம். நீங்கள் குழாயைத் திறந்தால் போதும், "கொஞ்சம் தள்ளுங்க" என்று வந்து நிற்பார்கள். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். இவர்களிடமிருந்து தப்பியவர் யார்?

இந்த இனத்தின் முதல் தரத்தை நெய்வேலி பதினாறாம் வட்டத்தில் தரிசிக்கலாம். பெயர் சண்முகசுந்தரம். சுரங்கத்தில் முப்பத்துமூன்று வருடம் கன்வேயர் பெல்ட் பார்த்து ரிட்டயர்ட் ஆகி, இப்போது மகனின் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, அடுத்த வீட்டுக் கொடிக்கயிறு, எதிர்வீட்டு கேட், பிள்ளையார் கோயில் மணிச் சங்கிலி என்று எது தொய்ந்து கிடந்தாலும் இழுத்துக் கட்டிவிட்டு, "டென்ஷன் பத்தலைங்க, அதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு வருகிறவர். இதுவரை மூன்று வீடுகளில் கயிறு அறுந்திருக்கிறது. அவரைக் கேட்டால் கயிறு மட்டம்.

பக்கத்து வீடு செவ்வந்தியுடையது. தசை வலு குறைந்துகொண்டே போகும் வியாதி. கையைத் தோளுயரம் தூக்க முடியாது. அதனால் அவர் நாற்காலியில் ஒரு கைதாங்கி மாட்டியிருக்கிறார்கள். முழங்கை முதல் மணிக்கட்டு வரை ஏந்திக்கொள்ள ஒரு தொட்டில், கீழே ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு திருகு. கையின் பாரத்தை ஸ்பிரிங் சுமக்கும், அசைப்பது செவ்வந்திதான். நான்கு மாதம் பழகினார், ஒரே ஒரு காரியத்துக்காக. மகள் சத்யாவின் வளைகாப்பில் அவள் கன்னத்தில் தன் கையாலேயே சந்தனம் பூச வேண்டும். யாரும் பிடித்துத் தூக்கிவிடக் கூடாது.

வளைகாப்பன்று செவ்வந்தி உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தார். கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. ஆளில்லாத இடத்தில் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு திருகும்! நம்மவர் சும்மா இருப்பாரா?

"என்னங்க இது, லூசா தொங்குது?" என்றார். திருகினார். இன்னொரு சுற்று. மனநிறைவுக்கு மேலும் ஒன்று.

செவ்வந்தி வந்து உட்கார்ந்து விரலில் சந்தனத்தைத் தொட்டார். சண்முகசுந்தரம் சத்யாவின் தோளருகே குனிந்து, செவ்வந்தியைப் பார்த்து, "தங்கச்சி, பயப்படாத, நான் இருக்கேன்" என்றார். கை கிளம்பியது. இறுக்கிய ஸ்பிரிங் உந்தித் தள்ள, கன்னத்தைத் தாண்டியது. சண்முகசுந்தரத்தின் வழுக்கைத் தலையில் சந்தனத்தோடு பளிச்சென்று இறங்கியது.

அவர் மனைவி ஆதிலட்சுமிதான் முதலில் வாய் திறந்தார். "ஒங்களுக்கு எத்தனாவது மாசங்க?"

கூடம் குலுங்கியது. செவ்வந்திக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. நான்கு மாத உழைப்பல்லவா? எனக்கும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, நீங்க பாத்த பெல்ட்டுல கரி போச்சு. இதுல போறது எங் கை. அது எம்மாந் தூரம் போவணும்னு எனக்குத் தெரியும். சத்த ஒக்காருங்க" என்றார் செவ்வந்தி. எத்தனை சுற்று என்று அவரிடமே கேட்டுக்கொண்டு, மகளிடம், "மூணு சுத்து பின்னால திருப்புடி" என்றார்.

சத்யா புது வளையல் குலுங்கத் திருப்பினாள். சண்முகசுந்தரம் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கை மறுபடி கிளம்பியது. மெதுவாக மேலே போய், பாதியில் நின்று, நடுங்கியது.

"அம்மா, நான் குனியட்டுமா?"

"குனியாத. இரு."

நடுக்கம் நின்றது. விரல்கள் இன்னும் நாலு அங்குலம் ஏறி, சத்யாவின் கன்னத்தில் சந்தனத்தை இழுத்தன. கோடு கொஞ்சம் கோணல்தான். அதைத் துடைக்க வந்தவர்களை சத்யா கிட்டேயே விடவில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பும்போதும் அப்படியே இருந்தாள்.

நல்லது. சண்முகசுந்தரத்தைப் பார்த்து நீங்கள் நன்றாகச் சிரித்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். செவ்வந்தியின் கை பாதியில் நின்று நடுங்கியதே, அப்போது உங்கள் கை தாங்கிப் பிடிக்கக் கொஞ்சம் எழுந்ததா, இல்லையா? எழுந்திருந்தால் ஒருமுறை தலையைத் தடவிப் பாருங்கள். சந்தனம் ஒட்டியிருக்கும்.