டீக்கு அப்புறம் சொன்னது

"ஏங்க, குட்டியா ஒரு காரு, அதுக்குக் கீழ ரெண்டு பாம்பு. மஞ்சளா எரியுதே, இன்னா இது?"

பட்டுப்புடவை கசங்காமல் முன்சீட்டில் உட்கார்ந்த கிறிஸ்டினா, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலை நீட்டினாள். அருள்பிரகாசம் எட்டிப் பார்த்தார்.

"பாம்பு இல்ல. டிராக்‌ஷன் கண்ட்ரோல். சக்கரம் வழுக்காம பாத்துக்கற சமாச்சாரம். அது வேலை செய்யலையாம்."

"செய்யாட்டிப் போவுது. வண்டி ஓடுதில்ல?"

ஓடியது. ஆனால் கேட்டுக்குள் நுழைய வேண்டுமே! திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவர் பாதுகாப்பு அதிகாரி. எந்த வண்டியானாலும் கேட்டில் ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும், டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் உள்ளே விடக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். அந்தச் சட்டத்துக்காகத்தான் இன்று பதினோரு மணிக்கு அவருக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள்.

"ஆட்டோல போயிடலாமே" என்றாள் கிறிஸ்டினா.

ஆட்டோவிலா! நேற்றுதான் டிரெய்லர் டிரைவர் பீம்ராவை ஒரே ஒரு விளக்குக்காகத் திருப்பி அனுப்பியிருந்தார். "நாளிக்கு உன் காரும் இதே கேட்டுக்குத்தான் சார் வரணும். நானும் இங்கதான் குந்திகினு இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் அவன். ஆட்டோவில் போய் இறங்கினால், காரைக் காட்டப் பயந்துவிட்டார் என்று யார்டு முழுக்கத் தமுக்கடிப்பான். இருபது வருஷத்துப் பெயர் ஒரே நாளில் போய்விடும்.

பெயர்தான் மிச்சம். அவருடைய பாதுகாப்பு வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்க எல்லோரும் பழகியிருந்தார்கள். டீ வந்தால் விழித்துக்கொள்வார்கள், குடித்ததும் பழையபடி தூக்கம். டீக்கு அப்புறமும் அவர் கால் மணி நேரம் பேசுவார். புதிதாகச் சேர்ந்த கேட் செக்யூரிட்டி கன்னியம்மா மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "தூங்கறதுன்னா வூட்டுக்குப் போம்மா" என்று போன வாரம்தான் எல்லோர் முன்னாலும் ஏசியிருந்தார்.

"நான் சொல்றத ஒரே ஒரு ஆள் காது குடுத்துக் கேட்டா போதும் கிறிஸ்டினா. மாதாவுக்கு ஆள் ஒசரத்துக்கு மெழுகுவத்தி ஏத்துவேன்" என்று அன்றிரவு சோற்றில் கை வைத்தபடி புலம்பியிருந்தார்.

ராயபுரத்திலிருந்து கிளம்பி, காலடிப்பேட்டையில் மெக்கானிக் ஜெபசிங்கின் ஷெட்டில் காரை நிறுத்தினார். மணி எட்டரை.

ஜெபசிங் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். "சக்கரத்தாண்ட ஒரு சென்சார் கீது சார். மீன் லாரித் தண்ணி பட்டுப் பட்டு உப்பு பூத்துகினு கீது. தண்ணிய பிரஷர்ல ஒரு அடி அடிச்சா ஸோக்காயிடும்."

அடித்தான். பாம்புகள் அப்படியே நெளிந்தன. பக்கத்தில் பிரேக் விளக்கு ஒன்று புதிதாக எரிந்தது.

"ரெண்டும் கூடப் பொறந்தது சார்" என்று ஜெபசிங் சமாதானம் சொன்னான். "பேட்டரி ஒயர பத்து நிமிசம் கழட்டி வுட்டா எல்லாம் மறந்துடும்."

மறந்தது. விளக்குகள் அணைந்தன. அருள்பிரகாசம் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பி, மார்க்கெட் முனையில் திரும்பினார். பாம்பு வந்தது, பிரேக் வந்தது, கூடவே ஸ்டியரிங் படம் போட்ட விளக்கு ஒன்றும் வந்தது. காரின் கடிகாரம் பன்னிரண்டு மணி என்றது.

"தொணைக்கு ஆள் சேத்துகினே போவுது" என்றாள் கிறிஸ்டினா.

மறுபடி ஷெட். இப்போது நிஜ மணி பத்து பத்து.

"இத்த கம்ப்யூட்டர் வச்சுத்தான் சார் பாக்கணும். ரெண்டு நாள் ஆவும்" என்று கையை விரித்த ஜெபசிங், குரலைத் தாழ்த்தினான். "இல்லாங்காட்டி ஒண்ணு பண்லாம். மீட்டர கழட்டி, உள்ளாற கறுப்பு டேப்பு ஒட்டிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

அருள்பிரகாசம் கொதித்துப்போனார். எச்சரிக்கை விளக்கை மறைப்பது எப்பேர்ப்பட்ட குற்றம், அதனால் எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கின்றன என்று ஐந்து நிமிடம் விளக்கினார். ஜெபசிங் ஸ்குரூடிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டே நின்றான்.

"ஒட்டட்டா, வேணாவா சார்?"

அருள்பிரகாசம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. "நான் எதையும் பாக்கல" என்றார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கார் யார்டு கேட்டுக்கு வந்தது. சொன்ன சொல் தவறாமல் பீம்ராவ் தன் டிரெய்லர் பம்பரில் குந்தியிருந்தான். கூடவே ஏழெட்டு டிரைவர்கள். கேட்டில் கன்னியம்மா.

அப்பாடா, தூங்குமூஞ்சிதான் என்று அருள்பிரகாசத்துக்கு உயிர் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்துக்கோம்மா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிச் சாவியைத் திருகினார். வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ஒரு விளக்கும் எரிந்துகொண்டு நிற்கவில்லை.

கன்னியம்மா ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். "ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தபா போடுங்க சார்."

போட்டார்.

"இன்னொரு தபா."

போட்டார். சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

"ஓரங்கட்டுங்க சார். உள்ள வுட முடியாது."

"ஏன்மா? ஒரு லைட்டாவது எரியுதா?"

"எரியல சார். அதான் பேஜாரே. சாவி போட்டதும் எல்லா லைட்டும் ஒருவாட்டி எரிஞ்சு அணையணும். மத்ததெல்லாம் எரிஞ்சுது. மூணு எடம் மட்டும் இருட்டா கீது."

பீம்ராவ் பம்பரிலிருந்து இறங்கி நெருங்கி வந்தான்.

"இதெல்லாம் யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று சீறினார் அருள்பிரகாசம்.

"நீங்கதான் சார், டீக்கு அப்பால. எரியற லைட்டுகூட யோக்கியன், எரிய வேண்டிய நேரத்துல எரியாத லைட்டத்தான் நம்பக்கூடாது, எவனோ திருட்டுப்பய அத அமுக்கி வச்சிருப்பான்னு சொன்னீங்க. நான் தூங்கல சார். கண்ண மூடிகினாத்தான் எனக்கு மண்டைல ஏறும்."

டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் கேட்டே ஆடியது. அருள்பிரகாசம் வண்டியை ஓரங்கட்டிச் சாவியை உருவினார்.

கிறிஸ்டினா அவர் தோளை மெல்லத் தொட்டாள்.

"ஏங்க, அந்த மெழுகுவத்தி... ஆள் ஒசரம்னா உங்க ஒசரமா, கன்னியம்மா ஒசரமா?"