ஜீப்பில் ஏறிய ஆடும் நாற்காலி

ஆடும் நாற்காலி ஜீப்பின் முன்பக்கத்தில் நுழைய மறுத்தது. தோன் அனிபல் அதை நிமிர்த்திப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார், பக்கவாட்டில் செருகிப் பார்த்தார். கண்ணாடி உடையாமல் தப்பியதே கடவுள் புண்ணியம். கடைசியில் அதைத் தூக்கி ஜீப்பின் கூரைமேல் கவிழ்த்து, காப்பி மூட்டை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். வளைந்த கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன.

அங்கேதான் வினை பிடித்தது. சாந்தா ரீத்தா என்ற அந்த மலையூரில் வீடு மாற்றுகிறவர்கள்தான் ஜீப்பின்மேல் நாற்காலியைக் கவிழ்ப்பார்கள். கட்டில், அடுப்பு, பானை, மாதா படம், கோழிக்கூடை எல்லாம் ஒரே ஜீப்பில் கோபுரமாக ஏறும். உச்சியில் கவிழ்ந்த நாற்காலியைப் பார்த்துவிட்டால் போதும், தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் தொப்பியைக் கழற்றி வழியனுப்புவார்கள்.

தோன் அனிபலோ மூன்று நாள் பயணமாக மலைகளைச் சுற்றிப் பார்க்கத்தான் கிளம்புகிறார். புவேனவிஸ்தா மேடு, பிலாந்தியா, சாலெந்தோ, பிறகு மெழுகுப் பனைகள் நிற்கும் பள்ளத்தாக்கு. எல்லாம் மனைவி லிஹியா போட்ட திட்டம். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஊர் வழக்கப்படி காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் சதுக்கத்தைச் சுற்றி ஓடுவாள். அப்படி ஓடினால் அந்த வருஷம் பயணம் வாய்க்கும் என்று நம்பிக்கை. "அறுவடை முடியட்டும்" என்று ஒவ்வொரு வருஷமும் இவர் சொல்வார். "சரி, ஆனா அங்க போய் நான் நின்னுக்கிட்டுப் பாக்கமாட்டேன். என் நாற்காலியில ஆடிக்கிட்டேதான் மலையைப் பாப்பேன்" என்று அவளும் சொல்வாள். ஓர் அறுவடை முடிவதற்குள் அவளே முடிந்துபோனாள். இரண்டு வருஷமாகிறது.

அவளுக்கான ஒன்பது நாள் செபம் முடிந்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது என்று தோன் அனிபல் நினைத்துக்கொண்டார். குறையாக நினைக்கவில்லை, அவரவருக்கு அவரவர் பிழைப்பு. கதவைத் தாழிட்டுக்கொண்டு பின்கட்டு அடுக்களையில் உட்கார்ந்துவிடுவார். வீடு காலியாக இருப்பது காதில் விழாதபடி ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பார். பூசையில் கடைசி வரிசை. முடிவதற்குள் எழுந்து வந்துவிடுவார்.

அவரைத் தேடி வந்த ஒரே ஜீவன் ஒரு தெருநாய். கபித்தான் என்று பெயர் வைத்திருந்தார். இவர் ஒரு வாய் சோறும் போட்டதில்லை. அடுத்தவேளைக்கு என்று எடுத்துவைக்கும் அளவுக்குச் சமைப்பதே இல்லை. ஆனாலும் அது வாசலிலேயே கிடந்தது, மினுமினுவென்று கொழுத்தும் இருந்தது. 'பாசம் என்றால் இது' என்று அவர் உருகுவார். எங்கிருந்தோ இழுத்துவந்த வாழையிலைகளை அது வாசலில் போட்டுவைக்கும். அதைக்கூடத் திட்டாமல் பெருக்கித் தள்ளுவார்.

ஞாயிறு பூசை முடிந்து, பாதர் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்ததும் கிளம்புவதாகத் திட்டம். ஆனால் புதன்கிழமையே கை பரபரத்தது. முதலில் ஏறியது ரேடியோ. அடுத்தது நாற்காலி.

வேலிக்கு அந்தப்புறமிருந்து பக்கத்து வீட்டு தோன்யா நுபியா எட்டிப் பார்த்தாள்.

"என்ன தோன் அனிபல், வீட்டை மாத்துறீங்களா?"

"இல்லம்மா, சும்மா மலைப்பக்கம் ஒரு சுத்து."

"மலையைப் பாக்க நாற்காலி எதுக்கு? மலையில உக்காரக் கல்லா இல்லை?"

லிஹியாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். "அது... நாற்காலியும் வரணும்" என்று மட்டும் சொன்னார்.

நுபியா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பேச்சு கிளம்புவதற்குள் மறைத்துவிடலாமென்று நாற்காலியைத் தார்ப்பாயால் மூடினார். மூடியபின் அது துணி அலமாரியைப் போல இருந்தது. தெருவில் போன முடிதிருத்துபவர் பெர்னெல் நின்று பார்த்தார்.

"அலமாரியையும் ஏத்தியாச்சா? ஒத்தையாவா தூக்கினீங்க? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாது?"

"அலமாரி இல்லப்பா, நாற்காலி."

"உள்ள நாற்காலியும் இருக்கா! பலே!"

சரி, கண்ணில் படாத இடத்தில் நிறுத்துவோம் என்று ஜீப்பைக் கோயில் பக்கச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினார். அன்று செபமாலை நாள் என்பது மறந்துபோயிற்று. உள்ளே போனவர்கள், வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனார்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ரேடியோ இல்லாத வீடு கிணறு மாதிரி இருந்தது. குழாய் சொட்டுவது, சுவரில் பல்லி நகர்வது, எல்லாம் கேட்டது. அதற்கு நடுவில் கதவு தட்டும் சத்தமும் கேட்டது.

திறந்தால் நுபியா. கையில் கோழி சூப் பானை.

"அடேயப்பா, திறந்துட்டீங்களே!" என்றாள். கண் கலங்கியிருந்தது.

'போகிறவனுக்காக அழுகிறாள்' என்று தோன் அனிபலுக்குப் பட்டது. உண்மையைச் சொல்ல நினைத்தார். ஆனால் சூப்பில் கொத்தமல்லி மணத்தது. எதிரே உட்கார்ந்து ஒருத்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்க" என்கிறாள். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? சொல்லாமலே குடித்துவிட்டார்.

மறுநாள் பெர்னெல் கத்தரிக்கோலோடு வந்து இலவசமாக முடி வெட்டிவிட்டார். "காதோரம் காடு மண்டிக் கிடக்கு. இந்தத் தலையோடயா ஊரைவிட்டுக் கிளம்புவீங்க?" அடுத்தநாள் பாடற்குழுப் பெண்கள் வாழையிலையில் சுற்றிய பாலாடைக்கட்டி வைத்த அரேப்பா என்னும் சோள அடைகளோடு வந்து, காப்பி போட்டு, பாடவும் பாடினார்கள். கபித்தான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் படுத்திருந்தது.

குற்ற உணர்வு தாங்காமல், 'திரும்பி வருவேன்' என்று காட்டுவதற்காகத் தம் கோழிகளை நுபியாவிடம் கொண்டுபோனார்.

"மூணு நாள் பாத்துக்கோம்மா."

"மூணு நாள் என்ன, ஆயுசுக்கும் பாத்துக்குவேன்" என்று அவள் கோழிகளை அணைத்துக்கொண்டாள்.

போதாததற்கு வெளியூரிலிருந்து புதிதாக வந்த பள்ளி வாத்தியார் கதவைத் தட்டி, "ஐயா, ஜீப்பைப் பாத்தேன், வீடு காலியாகுது போல. எனக்கு வாடகைக்குத் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்ற பதில், இவரைக் கேட்காமலே இவர் வாயிலிருந்து வெளியே வந்தது.

சனிக்கிழமை மாலை லிஹியாவின் படத்துக்குமுன் மெழுகுவர்த்தி ஏற்றி மண்டியிட்டார்.

"வாயால ஒரு பொய்யும் சொல்லலை, லிஹியா. ஆனா பொய்யைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். அவங்க போகப்போறவனுக்குக் கொண்டுவர்ற சாப்பாடு இது. மூணு நாள்ல திரும்பி வந்து நின்னா எந்த முகத்தை வச்சுக்கிட்டு முழிப்பேன்? திரும்பி வந்தா கதவைத் தட்டவும் ஆளிருக்காது. பேசாம நிஜமாவே எங்கயாவது போயிடட்டுமா?"

படத்தில் லிஹியா எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். மண்டியிட்ட முழங்கால் வலியெடுத்தபோது ஒன்று மட்டும் தெளிவாயிற்று. உண்மையைச் சொல்லிவிட்டுத் தனியாக இருப்பது, ஏமாற்றிக் கூட்டத்தோடு இருப்பதைவிட மேல். ஆண்டவர் அந்தத் தனிமையையாவது தாங்கும்படி செய்வார்.

ஞாயிறு பூசை முடிந்தது. இந்த முறை அவர் பாதியில் எழுந்து போகவில்லை. வெளியே பாதர் புத்தகத்தைத் திறந்து வண்டியை ஆசீர்வதித்தார். கோயில்பிள்ளை எபேர் தீர்த்த வாளியோடு பக்கத்தில் நின்றான். ஆண்டு முழுவதும் 'ஆமென்' தவிர வேறெதுவும் பேசாத மனிதன். சுற்றிலும் ஊர் நின்றது. நுபியா இன்னொரு பொட்டலத்தை வண்டியில் வைத்தாள். கபித்தான் அதைப் பார்த்ததும் தாவி ஏறி, ஓட்டுநர் பக்கத்து இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

தோன் அனிபல் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் வீடு மாத்தலை. மூணு நாள் மலையைப் பாத்துட்டுப் புதன்கிழமை வந்துடுவேன். அந்த நாற்காலி லிஹியாவோடது. அவளைக் கூட்டிட்டுப் போறதா வாக்குக் கொடுத்திருந்தேன். நீங்க பிரியாவிடைன்னு நினைச்சுக் கொண்டாந்ததையெல்லாம் நான் வாயை மூடிக்கிட்டுத் தின்னுட்டேன். தப்பு என்மேலதான்."

பெர்னெல் ஆரம்பித்த சிரிப்பு, பாதர் வரைக்கும் பரவியது.

"ஒத்தை நாற்காலியை ஏத்திக்கிட்டு எவன் வீடு மாத்துவான்?" என்று நுபியா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "கட்டில் எங்க? அடுப்பு எங்க? மாதா படம் எங்க? அந்த வெளியூர் வாத்தியாரைத் தவிர ஒரு பய நம்பலை. 'நாற்காலியும் வரணும்'னு நீங்க சொன்னப்பவே அது லிஹியாவுக்காகன்னு புரிஞ்சுபோச்சு."

தோன் அனிபல் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்போ சூப்பு? அரேப்பா? முடிவெட்டு? ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காதவங்க இந்த வாரம் மட்டும் ஏன் வந்தீங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எபேர் வாளியைத் தரையில் வைத்தான். முன்னிருக்கையில் நாக்கைத் தொங்கவிட்டு நுபியாவின் பொட்டலத்தை மோந்துகொண்டிருந்த கபித்தானைப் பார்த்தான்; ரேடியோவைப் பார்த்தான்; தொண்டையைச் செருமினான்.

"நாங்க ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து தட்டிக்கிட்டுத்தான் இருந்தோம், தோன் அனிபல், இந்த ரேடியோ போட்ட சத்தத்துல உங்களுக்குக் காது கேக்கலை, நாங்க வாசல்ல வச்சுட்டுப் போன அரேப்பாவைத் தின்னு இந்த நாய்தான் கொழுத்துது."