மாமனார் மறைத்த ஐந்து மாடுகள்

பொய் சொல்லிக் கல்யாணம் செய்தவன் போடுகிற எந்தக் கணக்கும் உருப்படாது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், நம்பலாம்.

நான் சொன்னது சின்னப் பொய்தான். தர்மபுரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் தற்காலிக வேலையில் இருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணோட அப்பா, வேலை பர்மனென்ட்டுங்களா என்று கேட்டார். கையில் கேசரித் தட்டு, எதிரில் மலர். "ஆமாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. (வாய்க்கென்ன, அதுவா பர்மனென்ட் ஆகணும்?) கல்யாணம் முடிந்த மறுவாரம் மலரிடம் உண்மையைச் சொன்னேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கப்பாவுக்குத் தெரியறதுக்குள்ள அதை நெசமாக்கிடுங்க" என்றாள்.

அதற்கும் ஒரு வழி வந்தது. கூழ் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், உங்கள் கம்பெனி பூமியைச் சூடாக்கும் வாயுக்களை எவ்வளவு வெளியே விடுகிறது, அதைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று கணக்குக் கேட்டார்கள். அந்தக் கணக்கைப் படிக்க ஆன்லைனில் எட்டு வாரப் பயிற்சி. பாஸாகிச் சான்றிதழ் கொண்டுவருகிறவனுக்கு வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். அவர் பேசி முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன்.

அதியமான்கோட்டையில் வாடகை வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாத்தி வைத்துப் படித்தேன். பாடத்தில் என்னை அசத்தியது மாடுதான். அசைபோடுகிற மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் வருகிறது, கரியமில வாயுவைவிட அது பல மடங்கு மோசம் என்றார் பாடம் எடுத்த மேடம். மலரிடம் சொன்னேன். எங்கப்பா ஏப்பம் விட்டு நீங்க கேட்டதில்லையே என்றாள்.

கடைசித் தேர்வுக்கு ஏதாவது ஓர் இடத்தை எடுத்து முழுக் கணக்கும் போட வேண்டும். பிறகு அந்த இடத்தை வீடியோவில் நேரடியாகக் காட்டி விளக்க வேண்டும். கம்பைநல்லூர்ப் பக்கம் இருக்கும் மாமனார் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். அங்கேதான் பிடித்தது சனி. புது மாப்பிள்ளையை எங்கள் பக்கம் நாற்காலியை விட்டு எழ விடமாட்டார்கள். மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் ஓர் அடி வைத்தால் போதும், சாணி ஒட்டிக்கும் உக்காருங்க மாப்ள என்று மாமனார் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார். ஆகவே என் கள ஆய்வு முழுவதும் நாற்காலியிலேயே நடந்தது, கையில் கோழிக்கறியோடு.

நோட்டை விரித்து, மாமா மாடு எத்தனைங்க என்றேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். வானத்தைப் பார்த்தார். "ஏதோ ரெண்டு நிக்குதுங்க மாப்ள" என்றார். எழுதிக்கொண்டேன். நானும் இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். மாட்டின் எண்ணிக்கையை எந்தக் குடியானவனும் வாய்விட்டுச் சொல்லமாட்டான், சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் அப்போது காலநிலை நிபுணன். நிபுணனுக்கு ஊர்ப் புத்தி வேலை செய்யாது.

மற்றதெல்லாம் சுத்தம். தோட்டத்து மோட்டாருக்கு இலவசக் கரண்ட்டு, மீட்டர் கிடையாது. மோட்டார் ஓடுகிற மணிநேரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். காஸ் சிலிண்டர், மாமனாரின் மொபெட்டுக்கு ஊற்றும் பெட்ரோல், எருக்குழி, எதையும் விடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் ஏற்றும் ஊதுவத்தியைக்கூடச் சேர்த்தேன்!

தேர்வு நாள் வந்தது. மதியம் மூன்று மணிக்கு என் முறை. எனக்கு முன்னால் பேசினவர்கள் இழுத்த இழுப்பில் மணி ஐந்தாகிவிட்டது. சிக்னல் கிடைக்கிற கிணத்து மேட்டில் நின்று, சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, போனைச் சுற்றிக் காட்டினேன். கொட்டாயில் ரெண்டு மாடு லட்சணமாக நின்றது. மாமனார் வேட்டியை இறக்கிவிட்டு மலரோடு என் பக்கத்தில் நின்றார். மேடம் ரொம்பத் துல்லியமான கணக்கு என்று பாராட்டினார். ஊதுவத்தியைத் தனியாகக் குறிப்பிட்டார். எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்போது ஏரிப்பக்கமிருந்து ஐந்து மாடு வரிசையாக வந்தது. வீடியோவில் தெரிந்தால் ஊரே பார்க்கும் என்று மாமனார்தான் காலையிலேயே ஓட்டி விட்டிருக்கிறார். பால் கறக்கிற நேரம் மாட்டுக்குத் தெரியாதா? அது யாருடைய மாடு என்று கேட்டார் மேடம்.

"பக்கத்து வூட்டு மாடுங்க மேடம்" என்றேன்.

அந்தப் பக்கத்து வீட்டு மாடுகள் நேராகக் கொட்டாய்க்குள் போய், ஆளுக்கொரு முளையைத் தேடி நின்றன. அதில் ஒன்று போகிற போக்கில் மாமனாரின் தோளை நக்கிவிட்டுப் போனது. நான் மனசுக்குள் கம்பெனியிலிருந்து மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க, ஏழு நிக்குது" என்றார் மேடம். "இதைத் திருத்தாம சான்றிதழ் தர முடியாது. சான்றிதழ் இருந்தாத்தான் உங்க வேலை நிரந்தரமாகும்னு உங்க கம்பெனி எழுதியிருக்காங்க."

கிணத்து மேட்டில் எல்லோருக்கும் கேட்டது. மலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமனார் என்னைப் பார்த்தார். கிணத்தில் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். (தண்ணீர் முழங்காலளவுதான்.) அவர் மெதுவாகப் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"தப்பு எம்மேலதாங்க அம்மா. ஏழுன்னு எழுதினா கண்ணு பட்டுடுமில்லீங்களா?"

மேடம் சிரித்துவிட்டார். அவர் வீட்டிலும் மாடு உண்டாம். அவருடைய அப்பாவும் எண்ணிக்கையைச் சொல்லமாட்டாராம். "நீங்க ஏழுன்னே எழுதச் சொல்லுங்க ஐயா. எழுதினதும் மாட்டுக்குச் சுத்திப் போட்டுடுங்க" என்று ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாமனார் சொன்னார்: "நான் இருக்கற மாட்டை இல்லைன்னேன். நீங்க இல்லாத வேலைய இருக்குன்னீங்க. சரியாப் போச்சுங்க மாப்ள. வாங்க, கொட்டாய்க்குள்ள வந்து நீங்களே எண்ணுங்க."

அன்றைக்கு என் நாற்காலிப் பதவி போனது. முழங்கால் வரை சாணி. ஏழையும் நானே தொட்டு எண்ணினேன். மாமியார் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். அந்தப் புகையையும் கணக்கில் சேர்க்கணுமா என்று கேட்டு மலரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுவாரம் பாஸானேன், வேலையும் நிரந்தரமானது. நான் சந்தோஷத்தில் குதித்ததைப் பார்த்து மாடுகளே மிரண்டன.

இப்போது எங்களுக்கு ரெட்டைப் பெண் பிள்ளைகள். போன மாதம் நல்லம்பள்ளி பஸ்ஸில், என் மடியில் ஒருத்தி, மலர் மடியில் ஒருத்தி. எதிர் சீட்டு அம்மா எத்தனை புள்ளைங்க என்று கேட்டார். கார்பன் கணக்கில் சான்றிதழ் வாங்கிய இந்த வாய், "ஒண்ணுதாங்க" என்றது.

அந்தம்மா ரெண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்ப இது யாருங்க என்று மலர் மடியைக் காட்டினார்.

மலர் ஜன்னலை விட்டுத் திரும்பக்கூட இல்லை. "பக்கத்து வூட்டுதுங்க" என்றாள்.