கொடி ஏறும்போது யாரும் அசையக்கூடாது

கொடிக்காவலர் என்று ஓர் இனம் உண்டு. ராணுவத்தில் தேடாதீர்கள், அங்கே இருப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. உங்கள் குடியிருப்பிலேயே, பெரும்பாலும் மேல்மாடியில் இருப்பார். வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் நம்மைப் போலத்தான்: லிஃப்ட் ஓடவில்லை என்று முணுமுணுப்பார், வரிசையில் நைசாக முன்னே நுழைவார். மீதி இருக்கும் அந்த ஒரு கொடியேற்றும் நாள் நெருங்கிவிட்டால் போதும், தேசத்தின் மானம் முழுவதும் தன் தோளில் வந்து இறங்கிவிட்டதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சட்டைப்பையில் அளவு நாடாவோடு, ஒவ்வொரு காரையும் பால்கனியையும் பிள்ளைகளின் சட்டையையும் குனிந்து பார்த்து, கொடி கோணல், கொடி தாழ்வு, கொடிக்குப் பக்கத்தில் ஈரத்துண்டு காய்கிறது என்று நம் உயிரை வாங்குவார். கொடியை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. கொடி வைத்திருக்கும் ஆளைத்தான் பார்ப்பார்.

எங்கள் காவலர் நில அளவை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். இந்த வருடம் அவர் கண்ணில் பட்டது, வாசல் கேட்டருகே நிற்கும் பழவண்டி. வண்டிக்கார அக்கா, குடைக்கம்பியின் உச்சியில் வெளுத்துப்போன சின்னக் கொடி ஒன்றைக் கட்டியிருந்தார்.

"இது என்னம்மா, கொடியா, கைக்குட்டையா?"

"கொடிதான் சார். இதக் கட்டினதுலேருந்து லாரிக்காரங்க கொஞ்சம் ஒதுங்கிப் போறாங்க."

"லாரிக்குக் காட்டற சிக்னலா இது? அவுத்துடு. கொடியேத்தற அன்னிக்கு வண்டியும் இங்க நிக்கக்கூடாது. நின்னா கமிட்டில சொல்லி இந்த இடத்தையே காலி பண்ண வச்சிடுவேன்."

அக்கா அவிழ்த்துவிட்டார். அந்த இடம் போனால் பிழைப்பு போய்விடும், வேறென்ன செய்வார்? எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. முந்தின வாரம்தான் என் பால்கனிக் கொடிக்காக அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. கம்பத்துக் கயிறு பாதி இற்றுப்போயிருந்ததால், காவலரே புதுத் துண்டு ஒன்றைச் சேர்த்து, மூன்று சுற்றுச் சுற்றித் தன் கைப்பட முடிச்சுப் போட்டிருந்தார். எலுமிச்சம்பழ அளவு முடிச்சு.

"இவ்வளவு பெருசா இருக்கே, கப்பியில போகுமா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு." முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டில் இதே பதில்தான்.

பிறகு எங்களை நாடா பிடித்து இரண்டடி இடைவெளியில் நிறுத்தினார். "கொடி உச்சிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் அசையக்கூடாது. கயிறு இழுக்கற கை மட்டும்தான் அசையும்."

இழுத்தார். கொடி ஏறியது. பாதிக் கம்பத்தில் நின்றது. உச்சியில் முடிச்சு கப்பியில் மாட்டிக்கொண்டுவிட்டது. வெடுக்கென்று இழுத்தார், இன்னும் இறுகியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

நாங்கள் அசையவில்லை. இரண்டாம் மாடியில் குக்கர் ஏழாவது விசில் அடித்தது. அந்த வீட்டுக்காரம்மா கண்ணை மட்டும் மாடிப்பக்கம் உருட்டினார். தெருவில் போன ஸ்கூட்டர்க்காரர் ஒருவர், அரைக்கம்பத்தில் கொடியைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்டை ஒட்டி நின்ற காவலரின் மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"யாரும்மா தவறிட்டாங்க? பெரியவரா?"

"இன்னும் இல்ல" என்றார் அந்த அம்மாள், உதடு அசையாமல்.

காவலரின் கழுத்தில் வியர்வை வழிந்தது. சட்டமும் அவருடையது, முடிச்சும் அவருடையது. இரண்டிலும் அவரே சிக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க, சிரிப்போடு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அப்போதுதான் தெருமுனைக்குத் துரத்தப்பட்டிருந்த பழவண்டி உருண்டு வந்து கேட்டில் நின்றது.

"நான் அசையலாம்ல சார்? எங்கிட்டதான் கொடி இல்லையே."

காவலர் கண்ணை மூடித் திறந்தார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்ட அக்கா, வண்டியைக் கம்பத்தடிக்குத் தள்ளிவந்து, மேலே ஏறி நின்று, குடைக்கம்பியைப் பிடுங்கி உச்சிக்கு நீட்டி முடிச்சை ஒரு குத்துக் குத்தினார். "இப்ப மெதுவா இழுங்க."

முடிச்சு நழுவியது. கொடி உச்சிக்குப் போய் விரிந்தது. கை தட்டினோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோணலா நேரா என்று பார்க்காமல் கொடியை நான் கொடியாகப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை காவலர் புதுக் கொடி ஒன்றோடு பழவண்டிக்கு முன்னால் நின்றார். வண்டி பழைய இடத்திலேயே நின்றிருந்தது. அவரே குடைக்கம்பியில் கட்டி, நாடா வைத்து அளந்தார். "லாரி வர்ற பக்கம் பார்த்த மாதிரி வச்சாதாம்மா தெரியும்" என்றார். அக்கா முடிச்சைப் பார்த்தார். எலுமிச்சம்பழ அளவு.

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொடிக்கம்பத்தடியில் அக்கா வண்டிமேல் ஏறினார் என்று படித்தபோது, காலில் செருப்பு இருந்ததா, கழற்றினாரா என்று உங்கள் மனம் ஒரு நொடி குனிந்து பார்த்ததா? பார்த்திருந்தால், என்னிடம் வந்து விசாரிக்காதீர்கள். நானும் பார்த்தேன்தான். சொல்ல மாட்டேன்.