ஒரு புகாரும் வரவில்லை

இயற்பியல் டீச்சருக்குத் திங்கட்கிழமை முதல் பீரியட் வேண்டாமாம்.

"என் பஸ் என்னைக்கு சார் நேரத்துக்கு வந்திருக்கு?"

கணக்கு வாத்தியார் ரப்பரை எடுத்தார். நாளைக்குப் பள்ளி திறப்பு. நகரத்தின் அந்த அரசுப் பள்ளிக்கு ஏழு வருஷமாக டைம்டேபிள் போடுவது அவர்தான். இந்தத் தடவை ஹெச்.எம். அம்மா வாக்குக் கொடுத்திருந்தார்: பத்து மணிக்கு நோட்டீஸ் போர்டில் மாட்டி, பன்னிரண்டு மணிவரை ஒரு புகாரும் வராவிட்டால், அடுத்த வருஷம் இந்தத் தலைவலி வேறொருவருக்கு.

இயற்பியலை வேதியியல் இருந்த இடத்துக்கு மாற்றினார். வேதியியல் டீச்சர் பறந்து வந்தார்.

"எனக்கு லேப் இல்லாத நேரத்தைக் குடுத்தா, பசங்க ஆசிட்டை மடியிலயா வெச்சுக்குவாங்க?"

அவருக்கு விளையாட்டு பீரியடைக் கொடுத்து, விளையாட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளினார்.

"சாப்பிட்ட கையோட ஓடவிட்டா கிரவுண்டை யாரு கழுவறது? நீங்களா?" என்றார் பி.டி. மாஸ்டர்.

அதையும் மாற்றினார். இப்போது ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒரே நேரத்தில் இரண்டு டீச்சர். சி பிரிவில் ஈ, காக்கா இல்லை. அந்த ஓட்டையில் தன்னையே போட்டு அடைத்தார். திங்கட்கிழமை அவருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. போகட்டும், ஒரு வருஷம்தானே!

பத்து மணிக்குத் தாளைச் சுருட்டி அட்டெண்டர் கையில் திணித்தார்.

"சார், போர்டு சாவி..."

"எல்லாம் அப்புறம்ண்ணே! மாட்டுங்க முதல்ல!"

ஓடிப்போய் நூலகத்தில் பழைய அட்லஸ்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் இன்னும் குனிந்துகொண்டார். போர்டுப் பக்கத்து ஜன்னலில் காதை வைத்தார்.

"அப்பாடா! இப்பதான் மனுஷன் போட்ட டைம்டேபிள் மாதிரி இருக்கு." பி.டி. மாஸ்டர்.

"பரவால்லியே, நாம சொன்னதை எல்லாம் கேட்டிருக்காரே!" வேதியியல் டீச்சர்.

இயற்பியல் டீச்சர் செல்போனில் படமே எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு அடித்தது. ஹெச்.எம். அம்மா தேடி வந்து கை குலுக்கினார்.

"ஒரு புகார்கூட இல்ல சார். சொன்னா சொன்னதுதான். அடுத்த வருஷம் நீங்க ஃப்ரீ!"

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அட்டெண்டர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். அக்குளில் அதே சுருள்.

"உங்களை எங்கெல்லாம் சார் தேடறது? போர்டு சாவி உங்க பாக்கெட்லதான் இருக்கு. குடுங்க, கண்ணாடிக்கு உள்ள தொங்கற போன வருஷத்து டைம்டேபிளைக் கழட்டிட்டு இதை மாட்டிடறேன்."